முதல் மழையில் விழிக்கும் கம்பளிப்பூச்சி

ஜூன் மாதத்தில் ஒரு முன்னிரவு. பெங்களூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்களைச் சுமந்துகொண்டு, பங்காருப்பேட்டையைத் தாண்டிய ரயில் மாரிக்குப்பம் கிளைப் பாதையில் திரும்புகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்கள் கும்பல் கும்பலாக இறங்குகிறார்கள்.

முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. நடைமேடை விளக்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக விட்டில் பூச்சிகள். தலையில் மோதுகின்றன. சட்டைக்குள் விழுகின்றன. "சனியன்!" என்று தட்டிவிட்டபடி எல்லோரும் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. வயது அறுபதை நெருங்கும். பெங்களூரில் ஒரு கட்டிடத்தில் காவல் வேலை. கீழே விழுந்து துடித்துக்கொண்டிருந்த ஒரு பூச்சியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முன் இறக்கை வெள்ளை. அதில் புகை படிந்தாற்போல் கோடுகள். இறக்கையின் முன் ஓரத்தில் மஞ்சள் கரை. பின் இறக்கையில் கறுப்புப் பொட்டு.

அவ்வளவுதான். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.

"இன்னாங்க, இவ்ளோ வேகமா வர்றீங்க?" என்று வாசலில் நின்ற மனைவி கேட்டார்.

"பூச்சி வந்துடுச்சு. மண்ணெண்ணெய் இருக்கா பாரு."

"மண்ணெண்ணெய்க்கு இப்ப எங்க போறது? சோப்புத் தூள் இருக்குது."

"அது போதும். எடு."

ஒரு விட்டில் பூச்சிக்காக இந்தப் பதற்றமா என்று கேட்கத் தோன்றும். கடலை பயிரிட்டவர்கள் கேட்கமாட்டார்கள்.

சுரங்கத்திலிருந்து காட்டுக்கு

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு அத்துடன் போயிற்று. பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய்வரும் கூலிகளானார்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்த சிலர், சுற்றுப்புற கிராமங்களில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். நம்மவரும் அப்படித்தான். பேத்தமங்கலம் போகும் வழியில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம்.

சுரங்கம் மூடி நாலைந்து ஆண்டு ஆகியிருக்கும். முதல் மழை நன்றாகப் பெய்தது. கடன் வாங்கி விதைக் கடலை வாங்கினார். ஏக்கருக்கு 40 முதல் 50 கிலோ பருப்பு வேண்டும். கடலை சாகுபடியில் பெரிய செலவே இந்த விதைதான். முளைப்பும் நன்றாகவே இருந்தது. காடு முழுக்கப் பச்சை. மனைவி காதுக் கம்மலை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மூன்றாவது வாரத்தில் சில செடிகளின் இலை சல்லடை மாதிரி ஆகியிருந்தது. வெயில் கொடுமை என்று நினைத்தார். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தபோது இலையில் கருஞ்சிவப்பு மயிரோடு புழுக்கள். பக்கத்துக் காட்டிலிருந்தும் வரப்பைத் தாண்டி அலை அலையாக வந்துகொண்டிருந்தன. தரையே நகர்வது போல இருந்ததாம். கடைக்கு ஓடி மருந்து வாங்கி வந்து அடித்தார். மறு வாரம் காட்டில் குச்சிதான் நின்றது.

மூன்று கிலோ மீட்டருக்கு மேல் ஆழம் கொண்ட சுரங்கத்தில் இறங்கிப் பாறை உடைத்த மனிதரை, ஒரு சாண் ஆழத்து மண்ணிலிருந்து எழுந்து வந்த பூச்சி வீழ்த்திவிட்டது. கம்மல் திரும்பி வரவே இல்லை.

"பக்கத்துக் காட்டுப் பெரியவர்கிட்ட போய் அழாத குறையா நின்னேன். 'மழை பேஞ்ச அன்னிக்கே தீ போட்டிருக்கணும் தம்பி, இப்ப மருந்தை ஊத்தி என்ன பிரயோசனம்'னு சொன்னார். அன்னிக்குத்தான் எனக்கு இந்த விட்டிலுக்கும் அந்தப் புழுவுக்கும் சம்பந்தம் இருக்கிறதே தெரிஞ்சுது" என்கிறார் அவர்.

விதையும் பூச்சியும் ஒரே மழையில்

இந்தச் சம்பந்தம்தான் முக்கியம். சிவப்புக் கம்பளிப்புழு என்று விவசாய இலாகாவினர் சொல்லும் இந்தப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. தென்னிந்தியாவில் மானாவாரிக் கடலை விளையும் சிவப்பு மண் பூமி முழுவதும் இது உண்டு. கோலார், தும்கூர் மாவட்டத்துப் பாவகடா, ஆந்திரத்து அனந்தப்பூர், தமிழகத்தில் சேலம், தர்மபுரி, பழைய ஆற்காடு மாவட்டங்கள் எல்லாம் இதை நன்றாக அறிந்தவை. கடலை மட்டும் இல்லை. ஆமணக்கு, தட்டைப்பயறு, பருத்தி, சோளம் என்று எதையும் விடாது.

புழு வளர்ந்து முடிந்ததும் மண்ணுக்குள் இறங்குகிறது. காட்டு நடுவில் அதிகம் இல்லை. வரப்போரம், வேலியடி, மர நிழல், உழவு படாத இடம் பார்த்து ஒரு சாண் வரை உள்ளே போய்க் கூண்டுப்புழுவாகிறது. அப்படியே கிட்டத்தட்ட பத்து மாதம் தூக்கம். பனி, வெயில், கோடை எதுவும் அதை எழுப்புவதில்லை. வைகாசி, ஆனியில் பலத்த மழை ஒன்று பெய்து ஈரம் உள்ளே இறங்கியதும் விழித்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நாளில் முன்னிரவு நேரத்தில் விட்டிலாக மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வருகிறது.

விவசாயியும் அதே மழைக்குத்தான் காத்திருக்கிறான். அதே ஈரத்தில்தான் விதைக்கிறான். ஆண்டுக்குச் சுமார் 550 மில்லி மீட்டர் மழை பெய்யும் அனந்தப்பூர் போன்ற ஊரில், கிடைத்த மழையை விட்டுவிட்டு அடுத்த மழைக்கு விதைக்கலாம் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே செடி முளைத்து இளசாக நிற்கும்போது புழுவும் பிறந்து பசியோடு நிற்கிறது. இதில் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று எதுவும் இல்லை. இரண்டையும் எழுப்புகிற மணி ஒன்றே.

வெளியே வரும் பெண் விட்டிலுக்கு ஆயுள் சில நாள்தான். அதற்குள் இலைகளின் அடிப்பக்கத்தில் குவியல் குவியலாக முட்டையிடுகிறது. ஒரு பூச்சி 600, 700 முட்டை வரை இடும். மூன்று நான்கு நாளில் குஞ்சுகள் பொரிந்து, ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டுகின்றன. சல்லடை மாதிரி இலை தெரிவது இந்தக் கட்டத்தில். பிறகு பிரிந்து போய் ஒரு மாதத்துக்கு மேல் தின்று தீர்க்கின்றன. முழுதாக வளர்ந்தால் இரண்டு அங்குல நீளம். உடம்பு முழுக்கச் செம்பழுப்பு மயிர். இருக்கும் காட்டைத் தின்று முடித்தால் படை திரண்டு அடுத்த காட்டுக்கு நடக்கும்.

கம்பளி, கொங்கலி, கரடி

தமிழில் கம்பளிப்பூச்சி. கன்னடத்தில் கம்பளி ஹுளு. தெலுங்கில் கொங்கலிப் புருகு. கொங்கலி என்றாலும் மேய்ப்பர்கள் போர்த்தும் முரட்டுக் கம்பளிதான். தங்கவயலில் மூன்று பாஷைக்காரர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். மூவருக்கும் இந்தப் பூச்சியைப் பார்த்ததும் கம்பளிதான் ஞாபகம் வந்திருக்கிறது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று கம்புப் பயிரை அழிக்கிறது. அங்கே அதற்குக் காத்ரா என்று பெயர்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் புழுவைப் பார்த்தால் கரடி. விட்டிலைப் பார்த்தால் புலி. பட்டை பட்டையாக, பொட்டுப் பொட்டாக நிறம் கொண்ட இறக்கைகளால் இந்தக் குலத்துக்கே புலி விட்டில் என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 11,000 வகை உண்டு. பெரும்பாலானவை யார் வயிற்றிலும் அடிக்காமல் காட்டுச் செடிகளைத் தின்று வாழ்பவை. ஒரு சில வகைகள்தான் விவசாயியின் எதிரி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் அப்பிக்கொண்டு கிடக்குமே, பட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகுமே, அது இந்தக் குலம் அல்ல. அது யூப்டரோட்டிடே என்ற வேறு குடும்பம். சிவப்புக் கம்பளிப்புழுவின் மயிரும் சிலருக்கு நமைச்சல் தரும். ஆனால் முருங்கைப் பூச்சி அளவுக்கு இல்லை. எது பட்டாலும் தேய்க்கக் கூடாது. திருநீறு பூசுவது, வெற்றிலைச் சாறு தேய்ப்பது என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு. தேய்க்கத் தேய்க்க மயிர் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் காகிதப் பட்டையை ஒட்டி எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் உடனே டாக்டர்தான்.

வௌவாலையே ஏமாற்றும் குலம்

புலி விட்டில்களை எதிரி என்று மட்டும் பார்த்தால் அவற்றின் சாமர்த்தியம் தெரியாமல் போய்விடும். வௌவால் இருட்டில் கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அது பூச்சியின் மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பிடிக்கிறது. பல புலி விட்டில்களுக்கு நெஞ்சுப் பகுதியில் காது உண்டு. வௌவாலின் ஒலி அதற்குக் கேட்கும். உடனே இவையும் பதிலுக்கு 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும். இந்தச் சத்தம் கேட்டதும் வௌவால் திரும்பிப் போய்விடுகிறது என்று 1965-ல் அமெரிக்காவில் டன்னிங், ரோடர் என்ற இருவர் சோதனை செய்து காட்டினார்கள். 2009-ல் இன்னொரு சோதனை வெளிவந்தது. அங்குள்ள ஒரு வகை விட்டில், வௌவாலின் கணக்கையே குழப்பிவிடும் அளவுக்கு மளமளவென்று ஒலி எழுப்புகிறதாம்.

ஒலி மட்டும் போதாது, உடம்பில் சரக்கும் வேண்டும் அல்லவா? சணப்பு, கிலுகிலுப்பைச் செடிகளைத் தின்னும் ஒரு புலி விட்டில் நம் ஊரிலேயே உண்டு. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த அழகான சிறு பூச்சி. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் செடியில் உள்ள விஷத்தைப் புழுவாக இருக்கும்போதே தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிற இனம் அது. அமெரிக்காவில் உள்ள அதன் சகோதர வகையை தாமஸ் ஐஸ்னர் என்ற விஞ்ஞானி பல்லாண்டு ஆராய்ந்தார். அந்த விட்டில் சிலந்தி வலையில் விழுந்தால், சிலந்தி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தானே இழைகளை அறுத்து விடுதலை செய்துவிடுகிறது! ஆண் விட்டில் தன் விஷத்தில் ஒரு பங்கைப் பெண்ணுக்குத் தர, அவள் முட்டைகளுக்குத் தருகிறாள். சீதனம் போல.

ஆனாலும் எமன் இல்லாத உயிர் உண்டா? மழைக்காலத்தை ஒட்டி நம் காடுகளில் தென்படும் கறுப்பு வெள்ளைச் சுடலைக்குயிலுக்குக் கம்பளிப்புழு என்றால் உயிர். அலகால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிள்ளிக்கொண்டே வந்து, குடலைப் பிதுக்கி உதறிவிட்டு, மயிரோடு விழுங்கிவிடும். புழுக்களுக்கு வரும் ஒரு வைரஸ் நோயும் உண்டு. நோய் கண்டவை செடி உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். இந்த வைரஸையே வளர்த்துக் கரைசலாக்கித் தெளிக்கும் முறையையும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

தனி ஆள் தீ எதற்கு?

ஒரு காலத்தில் பி.எச்.சி. தூளை மூட்டை மூட்டையாகத் தூவினார்கள். அந்தத் தூள் 1997-ல் நாட்டில் தடை செய்யப்பட்டது. தடை செய்யாவிட்டாலும் வளர்ந்த புழுவிடம் மருந்தின் ஜம்பம் அதிகம் பலிப்பதில்லை. உடம்பெல்லாம் மயிர்க் கம்பளி, எண்ணிக்கையோ லட்சக்கணக்கில். இன்று செத்த புழுவின் இடத்துக்கு நாளை பக்கத்துக் காட்டிலிருந்து வரும். சின்ன விவசாயி மருந்துக் கடனும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான் மிச்சம்.

விட்டில் வெளியே வரும் அந்தச் சில இரவுகளில்தான் பூச்சி மனிதன் கைக்கு எட்டும். ஒரு பெண் பூச்சி முட்டையிடுமுன் செத்தால் 600 புழு பிறக்கவில்லை என்று கணக்கு. வெளிச்சத்தைக் கண்டால் ஓடிவரும் பூச்சிக்கு வெளிச்சத்தையே பொறியாக வைக்கலாம். இது பழைய வித்தை. ஆனால் ஒருவர் மட்டும் தீ போட்டால்? அவர் காட்டுக்கு வந்தது சாகும். மற்றவர் காடுகளில் முட்டையிட்டது ஒரு மாதம் கழித்துக் காலால் நடந்து அவர் காட்டுக்கே வரும். ஊரே ஒரே இரவில் போட்டால்தான் பலன்.

தெலங்கானாவில் ஆமணக்குக் காடுகள் இந்தப் புழுவால் அழிந்துகொண்டிருந்தபோது, 1989 முதல் 1993 வரை தன்னார்வத் தொண்டர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஊர் ஊராக இதையே செய்து காட்டினார்கள். மழை பெய்ததும் ஊர் கூடித் தீ மூட்டுவது, விளக்குப் பொறி வைப்பது, முட்டைக் குவியலைப் பொறுக்குவது. பின்னாளில் அந்த மாநிலத்தில் மருந்தில்லா விவசாயம் என்று பெரிதாக வளர்ந்த இயக்கத்துக்கு இது ஒரு தொடக்கம்.

அந்த இரவு

மறுபடி நம்மவரிடம் வருவோம். அன்று இரவு அவர் சோறு உண்ணவில்லை. பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பெரியவருக்கு இப்போது நடமாட்டம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே பேரனைக் கூப்பிட்டு, "வீடு வீடா போய்ச் சொல்லு" என்றார். எட்டரை மணிக்கு வரப்புகளில் தென்னை மட்டையும் துவரைக் குச்சியும் குவிந்தன. ஒன்பதுக்கு ஏழெட்டு இடத்தில் தீ. இடையிடையே பேட்டரி விளக்கைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் நிரப்பிய அகன்ற பாத்திரம். பெட்ரோமாக்ஸ் போய் சூரிய ஒளி விளக்கு வந்துவிட்டது, தத்துவம் ஒன்றுதான். சில ஊர்களில் பழைய டயரைக் கொளுத்துகிறார்கள். வீண் வேலை. பூச்சி வருவது வெளிச்சத்துக்கு. அந்த நாற்றப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான்.

வெள்ளை வெள்ளையாக வந்து விழுந்தன. நெருப்பில் 'சடசட' என்று பொரிந்தன. பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. பத்தரை மணிக்குப் பாத்திரத்தில் தண்ணீரே தெரியவில்லை. அப்படியே நான்கு இரவு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மனைவியின் வேலை. காலையில் வெயில் ஏறுமுன் செடி செடியாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் முட்டைக் குவியல் இருந்தால் இலையோடு கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் ஒரு வரிசை ஆமணக்கும் தட்டைப்பயறும் விதைத்திருந்தார்கள். பூச்சி அதில் ஆசையாக முட்டையிடும், பொறுக்குவது சுலபம். தப்பிய புழுக்களுக்காக எருக்கங்கிளையை வெட்டி அங்கங்கே போட்டு வைத்தார்கள். ராத்திரி அதில் வந்து ஏறியதைக் காலையில் அடித்தார்கள்.

எல்லாம் செய்தும் மேற்குப் பக்கம் ஒரு கவலை இருந்தது.

அங்கே ஆறு ஏக்கர். முன்பு கேழ்வரகு விளைந்த பூமி. வீட்டு மனைக்கென்று பிரித்துக் கல் நட்டு வருஷங்கள் ஆகின்றன. மனைகளை வாங்கியவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். உழவு இல்லை. கோடையில் உழுதால் கூண்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும். காக்கையும் மைனாவும் ஏர் பின்னால் நடந்து பொறுக்கும். அங்கே உழ யார் இருக்கிறார்கள்? முள்ளும் புல்லும் மண்டி, கம்பளிப்பூச்சி பத்து மாதம் தூங்குவதற்கு மெத்தை போட்ட மாதிரி கிடக்கிறது. தீ மூட்டிய இரவுகளில் அந்த ஆறு ஏக்கர் மட்டும் இருட்டாகவே இருந்தது.

"யார்கிட்ட போய்ச் சொல்றது? கல்லுல நம்பர்தான் இருக்குது, பேர் இல்லை" என்கிறார் அவர்.

ஜூலையில் ஒரு நாள் இரவு ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். மேற்கு வரப்பில் புழு ஏறத் தொடங்கிவிட்டது. இருவரும் டார்ச் விளக்கும் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனார்கள். வரப்பை ஒட்டி ஓர் அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். பக்கச் சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் புழு ஏறிவிடும். விழுந்ததை அங்கேயே மண் தள்ளி மூடலாம்.

பாறையை உடைத்த கைக்கு இந்த ஈர மண் ஒரு பொருட்டே இல்லை. அவர் வெட்டிக்கொண்டே போனார். பின்னால் மனைவி மண்ணை அள்ளி உள்வரப்பில் போட்டுக்கொண்டே வந்தார். பாதி வெட்டியபோதே புழுக்கள் வாய்க்காலில் விழத் தொடங்கின.

வாய்க்கால் மறுமுனையைத் தொட்டபோது மணி இரண்டரை. கடலைச் செடிகள் முழு இலையோடு நின்றன. காலை ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.